ஒலியெல்லாம் சரி, ஆனாலும் விளங்கவில்லை: ஆங்கிலப் பேச்சில் அழுத்தமும் மெலிவும் தவறும் இடங்கள்

இலக்கணம் சரி, சொற்கள் தெரியும், ஒலிகளும் பெரும்பாலும் சரிதான். இருந்தும் இலங்கை மலையகத்தில், எல்லவிலோ நானுஓயா ஸ்டேஷனிலோ வெளிநாட்டுப் பயணி நெற்றியைச் சுருக்கி "சொரி?" என்று கேட்கிறார். உடனே நம் பிள்ளைகள் அதே வாக்கியத்தை இன்னும் சத்தமாக, சொல் சொல்லாக நிறுத்திச் சொல்கிறார்கள். அப்படிச் சொன்னால் கோளாறு கூடும். ஏனென்றால் கோளாறே ஒவ்வொரு சொல்லுக்கும் முழு எடை கொடுப்பதில்தான் இருக்கிறது.

தமிழ் பேசும் வாய், எழுத்துக்கு உரிய மாத்திரையைக் கொடுத்துப் பழகிய வாய். ஆங்கிலம் ஓர் அசைக்கு அள்ளிக் கொடுத்து, பக்கத்து அசைகளிடமிருந்து பிடுங்கிக்கொள்ளும். ஆகவே முதலில் கற்க வேண்டியது அழுத்துவதை அல்ல, விடுவதை.

வெள்ளைக்காரத் துரைமார் மாதிரிப் பேசுவதற்கான பயிற்சி அல்ல இது. இலங்கை ஆங்கிலத்துக்கு அதற்கே உரிய நடை உண்டு. ஹட்டன் தமிழரும் வெலிமடைச் சிங்களவரும் ஆங்கிலத்தில் பேசிக்கொண்டால் இருவருக்கும் நன்றாகவே விளங்கும். இருவருமே அசைகளை நிரப்பிப் பேசுகிறவர்கள். வெளியாரோடு பேசும்போது, தொலைபேசியில், ரயில் இரைச்சலில்தான் அது கைவிடுகிறது. கீழே உள்ளவை அந்த இடங்களுக்கானவை.

தேவையானவை: ஒலிப்பதிவு வசதியுள்ள ஒரு கைபேசி, ஒலியுடன் கூடிய இணைய அகராதி, ஒரு தடித்த ரப்பர் பேண்ட். இந்தப் பக்கத்தில் அழுத்தம் விழும் அசைக்கு முன்னால் ' என்ற குறி இருக்கும். அகராதிகளிலும் பெரும்பாலும் அப்படித்தான்: மேலே நிற்கும் சிறு கோடு முதன்மை அழுத்தம், கீழே நிற்பது துணை அழுத்தம். சில பழைய அகராதிகள் குறியை அசைக்குப் பின்னால் போடும். அதனால் புதிய அகராதி ஒன்றை எடுத்தால் தெரிந்த ஒரு சொல்லைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

அசை என்று இங்கே சொல்வது யாப்பின் அசை அல்ல. 'மலை' யாப்பில் ஒரே நிரையசை. ஆங்கிலக் கணக்கில் அது இரண்டு அசை. உயிரொலிகளை எண்ணினால் போதும்.

அறிகுறி 1: ஒரே ஒரு சொல் மட்டும் திரும்பத் திரும்ப விளங்காமல் போகிறது

'ஹோட்டல்' என்கிறீர்கள், எதிரே இருப்பவர் விழிக்கிறார். எழுதிக் காட்டினால் "ஓ, ஹோ'டெல்" என்கிறார். அழுத்தம் இடம் மாறியதுதான் காரணம். ஆங்கிலக் காது சொல்லைத் தேடுவதற்கு அழுத்த அசையைப் பிடித்துக்கொண்டே தேடும். தவறான அசை ஓங்கி ஒலித்தால் வேறு சொல்லைத் தேடிப் போய்விடும்.

இந்தப் பழக்கம் எங்கிருந்து வருகிறது? தமிழில் எழுதப்பட்ட கடன்சொற்களிலிருந்து. 'ஹோட்டல்', 'பொலிஸ்', 'கொமிட்டி' என்று அச்சில் பார்த்த வடிவத்தையே வாய் ஆங்கிலத்துக்குக் கொண்டுபோகிறது. அவை ஹோ'டெல், ப'லீஸ், க'மிட்டி. 'கொழும்பு' ஆங்கிலத்தில் க'லம்போ. முதல் அசை மங்கிவிடும்.

தேயிலைத் தோட்டத்தில் வாய்வழியாக வந்த சொற்கள் வேறு மாதிரி. வேலையை மேற்பார்க்கும் உத்தியோகத்தரை 'கண்டாக்கையா' என்று தோட்டத்தில் சொல்கிறார்களே, அந்த 'டாக்' நீண்டது சும்மா அல்ல. கன்'டக்டர் என்பதில் அழுத்தம் விழும் இடம் அதுவே. 'பெரட்டு' (காலையில் ஆட்களைக் கூட்டி வேலை பிரிப்பது) என்பதிலும் ப'ரேட் என்ற சொல்லின் பின்பாதிதான் கனத்து நிற்கிறது. எழுத்தைப் பார்க்காமல் காதால் வாங்கியவர்கள் அழுத்தத்தைச் சரியாகவே வாங்கியிருக்கிறார்கள். நாமும் முதலில் காதால் வாங்கி, பிறகு எழுத்தைப் பார்க்க வேண்டும்.

சரிசெய்யும் முறை:

1. அகராதியில் சொல்லைக் கேளுங்கள். எழுத்தைப் பார்க்காமல் மூன்று முறை.
2. சொல்லாமல், வாயை மூடி 'ம்' என்று அதன் ஏற்ற இறக்கத்தை மட்டும் முனகுங்கள். ஃப'டொக்ரஃபர் என்பது 'ம் - ம்ம்ம் - ம் - ம்'. முனகல் சரியாக வராமல் சொல் சரியாக வராது.
3. ரப்பர் பேண்டை இரண்டு கட்டைவிரல்களில் மாட்டி, அழுத்த அசைக்கு மட்டும் இழுங்கள். மற்ற அசைகளில் அது தளர்ந்து கிடக்கட்டும்.
4. பதிவு செய்து அகராதியோடு ஒப்பிடுங்கள்.

இழுத்தும் எடுபடவில்லை என்றால், சத்தத்தை மட்டும் கூட்டியிருப்பீர்கள். அழுத்தம் நான்கு பொருளால் ஆனது: குரல் மேலேறும் (அல்லது சட்டென மாறும்), அசை நீளும், ஓசை கூடும், உயிரொலி தெளிவாக இருக்கும். சத்தம் இந்த நான்கில் ஒன்றுதான். குரலை உயர்த்தி நீட்டுவதே அதிகம் உதவும்.

எல்லாச் சொல்லையும் அகராதியில் பார்க்க நேரம் இருக்காது. சில முடிவுகள் வழி காட்டும். 'ஷன்' என்று முடிந்தால் அதற்கு முந்திய அசையில் அழுத்தம்: ரெஸ'வேஷன், ப்ளான்'டேஷன், ஃபர்மென்'டேஷன், ஒக்ஸி'டேஷன். 'இட்டி', 'இக்' முடிவுகளும் அப்படியே. இதனால் ஒரே வேரிலிருந்து வரும் சொற்களில் அழுத்தம் நகரும்: இ'லெக்ட்ரிக், ஆனால் இலெக்'ட்ரிசிட்டி. 'ஃபோடக்ராஃப், ஃப'டொக்ரஃபர், ஃபோட'க்ராஃபிக் மூன்றையும் சேர்த்துச் சொல்லிப் பாருங்கள். அழுத்தம் நகரும்போது உயிரொலியும் மாறுவது காதுக்குப் படும். 'இக்' முடிவில் 'காத்லிக், 'அரபிக் போன்ற சில விலக்குகள் உண்டு. 'ஈயர்', 'ஈஸ்' முடிவுகள் அழுத்தத்தைத் தங்களிடமே வைத்துக்கொள்ளும்: எஞ்சி'னியர், சை'னீஸ்.

ஒரே எழுத்து, பெயராகவும் வினையாகவும் வரும்போது பல சொற்கள் இடம் மாற்றும். பெயர் 'பர்மிட், வினை ப'மிட். பெயர் 'ரெகோட், வினை ரி'கோட். எல்லாம் மாறாது. ரி'போட், ரி'ப்ளை இரண்டும் எப்போதும் பின்னசையில்தான். ஹோட்டல் வேலைக்குப் போகிறவர்கள் டி'ஸர்ட் (உணவுக்குப் பின் வரும் இனிப்பு), 'டெஸர்ட் (பாலைவனம்) இரண்டையும் கட்டாயம் பிரித்துப் பழகுங்கள்.

நீளச் சொற்களில் அசைகள் உதிரும். 'கம்ஃப்டபள், 'வெஜ்டபள், 'ஃபெக்ட்ரி. எழுத்துக்கு எழுத்து 'கம்ஃபோர்ட்டேபிள்' என்று நிரப்பினால் அழுத்தம் தானாகவே தவறான இடத்துக்குப் போய்விடும். பயணிகள் 'நூ'ரேலியா' என்று கேட்டால் திகைக்க வேண்டாம். நுவரெலியாவைத்தான் கேட்கிறார்கள்.

அறிகுறி 2: "நாளைக்குப் போகலாம்" என்கிறீர்கள், "போக முடியாது" என்று புரிந்துகொள்கிறார்கள்

சுற்றுலா வழிகாட்டிகளுக்கு இதைவிட நட்டம் தரும் பிழை வேறில்லை. "வி கேன் கோ டு ஹோர்ட்டன் ப்ளெய்ன்ஸ் டுமொரோ" என்று எல்லாச் சொல்லுக்கும் சமமான எடை கொடுத்தால், 'கேன்' ஓங்கி ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் உடன்பாட்டு 'கேன்' வாக்கிய நடுவில் ஓங்கவே கூடாது. ஓங்கினால் எதிர்மறை என்றே காது எடுத்துக்கொள்ளும். அதிலும் அமெரிக்கர்கள் எதிர்மறையைச் சொல்லும்போது கடைசி 'ட்' வெளியே கேட்காதபடி நிறுத்திவிடுவார்கள். அவர்கள் காதில் உங்கள் 'கேன்' நேராக 'முடியாது' ஆகிறது. பிரித்தானியர் எதிர்மறையை 'கான்ட்' என்று நெடிலாகச் சொல்வதால் அவர்களோடு குழப்பம் சற்றுக் குறைவு.

இப்படிப் பழகுங்கள்:

1. வினையை மட்டும் சொல்லுங்கள்: 'கோ.
2. அதன் முன்னால், உயிரொலி இல்லாதது போல, 'க்ன்' ஒட்டுங்கள்: க்ன்'கோ. வேகத்தில் அது 'கங்'கோ' என்றே வரும். அது தவறில்லை, அப்படித்தான் வர வேண்டும்.
3. எழுவாயைச் சேருங்கள்: வி க்ன்'கோ.
4. எதிர்மறைக்கு இரண்டும் கனக்கட்டும்: வி 'கான்ட் 'கோ.

ஐந்து உடன்பாடு, ஐந்து எதிர்மறை வாக்கியங்களைக் கலந்து பதிவு செய்யுங்கள். மறுநாள், அந்த வாக்கியங்களை அறியாத ஒருவரிடம் போட்டுக் காட்டி, கூட்டல் அல்லது கழித்தல் குறி போடச் சொல்லுங்கள். பத்துக்குப் பத்து வரும் வரை விட வேண்டாம். பணமும் நேரமும் தங்கியிருக்கும் பேச்சில் இன்னொரு காப்பும் சேர்க்கலாம்: "வி க்ன்'கோ, இட்ஸ் 'ஓபன்" என்று பின்னால் ஒரு துண்டைப் போட்டுவிடுங்கள். எதிர்மறை என்றால் 'கேனொட்' என்று முழுதாகச் சொல்லுங்கள்.

கேள்விக்குப் பதிலாகக் கடைசியில் வரும்போது மட்டும் முழு வடிவம்: "யெஸ், வி 'கேன்." அங்கே மெலித்தால் பதில் பாதியில் நின்றது போலிருக்கும்.

அறிகுறி 3: மரியாதையாகச் சொன்னாலும் கோபமாகப் பேசுவதாக நினைக்கிறார்கள்

"யூ ஹேவ் டூ வெய்ட் ஃபோர் த பஸ் அட் த கேட்." ஒவ்வொரு சொல்லும் ஆணி அடித்தது போல விழுகிறது. ஆங்கிலக் காதில் இப்படி எல்லாம் ஓங்கினால் அது கண்டிப்பு, அல்லது சொன்னதையே ஐந்தாம் முறை சொல்லும் சலிப்பு. உங்கள் மனத்தில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் வாக்கியம் அப்படித்தான் போய்ச் சேர்கிறது.

சரியான வடிவம்: யு 'ஹெஃப்ட 'வெய்ட் ஃப த 'பஸ் அட் த 'கேட். நான்கு இடம் மட்டும் நிமிர்ந்து நிற்கிறது. மற்றவை குனிந்து போகின்றன. குனிகிற சொற்கள் ஏறத்தாழ 40 உண்டு. அவற்றின் மெலிந்த வடிவங்களில் அடிக்கடி வருபவை இவை: 'டூ' என்பது ட, 'ஃபோர்' என்பது ஃப (உயிரொலி தொடர்ந்தால் ஃபர்), 'ஒவ்' என்பது அவ், 'அன்ட்' என்பது அன் அல்லது வெறும் ன், 'ஃப்ரொம்' என்பது ஃப்ரம், 'வொஸ்' என்பது வஸ், 'ஹேவ்' துணைவினையாக வந்தால் அவ், 'தெம்' என்பது தம்.

இவற்றில் வரும் 'அ' நம் எழுத்தின் 'அ' அல்ல. 'மரம்' என்று இயல்பாகச் சொல்லுங்கள். முதல் 'அ' திறந்து வருகிறது. இரண்டாவது 'அ' வாயைப் பாதி திறந்த நிலையிலேயே மங்கலாகப் போய்விடுகிறது. அந்த இரண்டாவதுதான் வேண்டும். ஆங்கிலப் பேச்சில் மிக அதிகமாக வரும் உயிரொலி அதுவே. அதற்குத் தனி எழுத்து இல்லாததால் பாடசாலையில் யாரும் காட்டித் தருவதில்லை. இது நியாயமில்லை, முதல் வகுப்பிலேயே காட்ட வேண்டிய ஒலி இது.

'மெலிப்பது சோம்பல் பேச்சு, படித்தவர் முழுதாகத்தான் சொல்வார்' என்று சில வீடுகளில் பிள்ளைகளைத் தடுக்கிறார்கள். நம் இலக்கணத்தையே பாருங்கள். 'நாடு', 'பந்து' என்ற சொற்களின் கடைசி உகரம் ஒரு மாத்திரையிலிருந்து அரை மாத்திரையாகக் குறைகிறது, அதற்குக் குற்றியலுகரம் என்று பெயர் வைத்திருக்கிறோம். சொல்லின் இடையிலும் கடையிலும் ஐகாரம் இரண்டிலிருந்து ஒன்றாகக் குறுகுகிறது. குறுக்கம் நமக்குப் புதிதல்ல. வேறுபாடு, ஆங்கிலத்தில் அது முழுச் சொல்லையே குறுக்கிவிடும் என்பதுதான்.

தாளத்துக்குத் தப்பு மேளம் அடிக்கிற கையை நினைத்துக்கொள்ளுங்கள். பெரிய அடிகள் தம் இடத்தில் விழும், சின்ன அடிகள் இடையில் நெருக்கியடித்துக்கொள்ளும். கைபேசியில் மெட்ரோனோம் (சீராகத் தட்டொலி எழுப்பும்) செயலியை நிமிடத்துக்கு 60 தட்டில் வைத்து, குறியிட்ட அசைகள் மட்டும் தட்டில் விழும்படி இதைச் சொல்லுங்கள்:

'லொரிஸ் 'ப்ரிங் 'லீஃப்.
த 'லொரிஸ் அவ் 'ப்ரோட் த 'லீஃப்.
த 'லொரிஸ் ஷட் அவ் 'ப்ரோட் அஸ் த 'லீஃப்.

மூன்றுக்கும் மூன்றே தட்டு. மூன்றாவதில் திணறினால் தட்டைக் குறைக்காதீர்கள், இடைச் சொற்களை இன்னும் மெலியுங்கள். 60 வந்தபின் 80. இயல்பான பேச்சில் தட்டுகள் இவ்வளவு துல்லியமாகச் சம இடைவெளியில் விழுவதில்லை. கருவியால் அளந்தால் ஏற்றத்தாழ்வு தெரியும். இது வாயைத் தளர்த்துவதற்கான பயிற்சி மட்டும்.

தேயிலைத் தொழிற்சாலையைச் சுற்றிக் காட்டுகிறவர்கள் தினமும் சொல்லும் வாக்கியத்திலேயே பழகலாம்: த 'லீவ்ஸ் அ 'ப்ரோட் ஃப்ரம் த 'ஃபீல்ட் அன் 'ஸ்ப்ரெட் ஒன் த 'ட்ரொஃப்ஸ் ஃப 'விதரிங். 'ஒன்' மெலியாததைக் கவனியுங்கள். 'ஒன்', 'இன்', 'அப்', 'ஒஃப்', 'வென்' போன்றவை சிறிய சொற்கள்தான், ஆனாலும் உயிரொலி மாறாது. அழுத்தம் மட்டும் குறையும். தேயிலையின் தரப் பெயர்களில் (BOP, BOPF) எழுத்துகளைச் சொல்லும்போது கடைசி எழுத்தில் எடை: பி ஓ 'பீ, பி ஓ பி 'எஃப்.

அறிகுறி 4: பதினைந்து சொன்னால் ஐம்பது என்று எடுத்துக்கொள்கிறார்கள்

8.15 ரயிலுக்கு வர வேண்டியவர் 8.50க்கு வந்து நிற்பார். 'டீன்' எண்கள் தனியாகவோ கடைசியிலோ வந்தால் அழுத்தம் பின்னால்: எய்ட் ஃபிஃப்'டீன். பத்துகள் எப்போதும் முன்னால்: எய்ட் 'ஃபிஃப்டி. 'டீன்' நீள வேண்டும், 'ன்' மூக்கில் கேட்க வேண்டும்.

ஆனால் ஒரு பொறி உண்டு. பின்னால் அழுத்தமுள்ள சொல் வந்தால் 'டீன்' தன் அழுத்தத்தை முன்னசைக்கு விட்டுக்கொடுக்கும்: 'ஃபிஃப்டீன் 'மினிட்ஸ். அப்போது இரண்டையும் பிரிப்பது நெடிலும் 'ன்'னும் மட்டுமே. ஆங்கிலத்தைப் பிறப்பிலிருந்தே பேசுகிறவர்களும் இங்கே தடுமாறுவார்கள். கட்டணம், நேரம், அறை எண் என்றால் "ஃபிஃப்டீன், ஒன் ஃபைவ்" என்று இலக்கங்களைச் சேர்த்தே சொல்லுங்கள்.

அறிகுறி 5: வாசித்தால் எல்லாம் விளங்குகிறது, கேட்டால் பாதி காணாமல் போகிறது

சாதாரண தரப் பரீட்சையில் ஆங்கிலத்துக்கு நல்ல பெறுபேறு எடுத்தவர்களும் முதல் மாதத்தில் சொல்கிற குறை இது. "வேகமாகப் பேசுகிறார்கள்" என்று நினைப்பார்கள். வேகம் பாதிக் காரணம்கூட இல்லை. காது முழு வடிவங்களை எதிர்பார்த்துக் காத்திருக்கிறது, வருவதோ மெலிந்த வடிவங்கள். 'கப் ஒவ் டீ' வருமென்று இருந்தால் 'கப்ப'டீ' கடந்து போய்விடுகிறது. 'ஹிஸ்', 'ஹிம்', 'ஹேவ்' என்பவற்றின் 'ஹ' வாக்கிய நடுவில் விழுந்துவிடும்.

20 வினாடி பேச்சு ஒன்றை எடுங்கள். எழுத்து வடிவம் கிடைக்கும் செய்தியோ நேர்காணலோ நல்லது. நான்கு முறை கேட்டுக் கேட்டதை எழுதுங்கள், ஊகிக்காமல். பிறகு ஒப்பிட்டு, விட்ட சொற்களை மட்டும் வட்டமிடுங்கள். பெரும்பாலும் அந்த 40இல் உள்ள சொற்களே வட்டத்துக்குள் நிற்கும். வட்டமிட்ட இடத்தை 0.75 வேகத்தில் கேட்டு, அதே மெலிவோடு நீங்களும் சொல்லுங்கள். வாயில் வந்த மெலிவுதான் காதில் பிடிபடும். ஒரு நாளைக்கு ஒரு துண்டு போதும். ஒரு மணிநேரப் படத்தைப் பின்னணியில் ஓடவிடுவதைவிட இது பயன்.

ஒலி ஒன்றான சொற்களை இலக்கணத்தால்தான் பிரிக்க வேண்டும். துணைவினை 'ஹேவ்', உடைமை 'ஒவ்' இரண்டும் மெலிந்தால் ஒரே 'அவ்'. ஆங்கிலேயப் பிள்ளைகளே இதைக் கேட்டு எழுத்தில் ஒன்றுக்குப் பதில் மற்றதைப் போட்டுவிடுவார்கள். 'ஷுட்' என்பதற்குப் பின்னால் 'அவ்' கேட்டால் அது 'ஹேவ்'தான்.

அறிகுறி 6: சொற்களுக்கு வால் முளைக்கிறது, தலையும் முளைக்கிறது

'பேக்கு', 'பஸ்ஸு' என்று கடைசியில் உகரம். 'இஸ்கூல்', 'இஸ்டேஷன்' என்று முன்னால் இகரம். ஒவ்வொன்றும் ஓர் அசையைக் கூட்டி, தாளத்தைக் கெடுக்கிறது. கடைசி மெய்யை அடுத்த சொல்லின் உயிரோடு ஒட்டுங்கள்: 'பெக் அன்ட்' அல்ல, 'பெ-கன்'. உயிர் வந்து மெய்யோடு ஒன்றுவது நாம் புணர்ச்சியில் செய்கிற வேலைதான். 'ஸ்' தொடக்கத்துக்கு, முதலில் 'ஸ்ஸ்ஸ்' என்று இரண்டு வினாடி இழுத்துப் பிறகு 'கூல்' சொல்லுங்கள். இழுப்பை நாளுக்கு நாள் குறைத்துக்கொண்டே வாருங்கள்.

அறிகுறி 7: பயிற்சிக்குப் பிறகு முணுமுணுப்பதாகச் சொல்கிறார்கள்

எல்லாவற்றையும் மெலிக்கத் தொடங்கியிருக்கிறீர்கள். ஊக்கமாகப் பழகுகிறவர்களுக்கே இது வரும், பயப்பட வேண்டாம். இந்த இடங்களில் முழு வடிவத்துக்குத் திரும்புங்கள். வாக்கியத்தின் கடைசியில்: 'வெர் அ யு 'ஃப்ரொம்? எதிரெதிர் வைக்கும்போது: 'ஃப்ரொம் ஹட்டன், நொட் 'டூ ஹட்டன். 'ஹேவ்' சொந்தமாக வைத்திருப்பதைக் குறித்தால்: வி 'ஹேவ் டூ 'ரூம்ஸ். 'தெட்' சுட்டாக வந்தால்: 'தெட் 'ப்ரிட்ஜ். அதே சொல் இரண்டு வாக்கியங்களை இணைத்தால் 'தட்' என்று மெலியும். 'நொட்' ஒட்டிய சுருக்கங்கள் ஒருபோதும் மெலிவதில்லை.

இத்தனையும் சரியாக இருந்தும் முணுமுணுப்பு என்றால், பதிவை மறுபடி கேளுங்கள். மெலிவுகள் சரியாக இருக்கும், ஓங்க வேண்டியவை ஓங்கியிருக்காது. வாக்கியத்தில் புதிய செய்தியைத் தாங்கும் ஒரு சொல்லைத் தேர்ந்து, குரலை அதில் மட்டும் ஒரு படி ஏற்றுங்கள். "த 'ட்ரெய்ன் 'லீவ்ஸ் அட் 'டென்" என்பதில் ஏற வேண்டியது பத்து.